பவுண்டேஷனில் எஸ்பிஎஃப் இருந்தாலும் சன்ஸ்கிறீன் வேண்டும்

"பவுண்டேஷனில் எஸ்பிஎஃப் 30 என்று போட்டிருந்தால் தனியாக சன்ஸ்கிறீன் தேவையில்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீங்க. அது பிழை, தங்கச்சி. எஸ்பிஎஃப் என்பது வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்டும் எண். அந்த 30, தோலின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வரும் எண். பவுண்டேஷனை அவ்வளவு தடிப்பாக அப்பினால் திட்டுத் திட்டாக நிற்கும். யாரும் அப்படிப் பூசுவதில்லை. பட்டாணி அளவுதானே எடுக்கிறோம்? அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

நானும் அதை நம்பித்தான் ஒரு வருடம் மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தால் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வந்தேன். இரண்டு கன்னத்திலும் கருமை படர்ந்த பிறகுதான் விளங்கியது.

முதலில் சன்ஸ்கிறீன், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசுங்கள். காதையும் கழுத்தையும் விட்டுவிட வேண்டாம். அது தோலில் படிந்து காயட்டும், அப்புறம் பவுண்டேஷன். வெயிலில் நிற்கிற நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவும் சன்ஸ்கிறீன் பூச வேண்டும்.