பாராட்டும் பள்ளியில் கண்டிப்பே கிடையாதா? பரவும் செய்தி தவறு

நல்ல நடத்தையைப் பாராட்டி வளர்க்கும் பள்ளிகளில் பிள்ளைகள் என்ன செய்தாலும் கேட்கக்கூடாதாம். பரிசு கொடுத்தால் ஆர்வமே போய்விடும் என்று 1973-ஆம் ஆண்டு ஆய்வே சொல்கிறதாம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி சரியல்ல.

அமெரிக்காவில் 1990-களில் வளர்ந்த, பிபிஐஎஸ் (PBIS) எனப்படும் இந்த முறையில் தவறுக்கு விளைவு உண்டு. அது என்ன என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும், எல்லா ஆசிரியரும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள். ‘ஒழுங்காக இரு’ என்று அதட்டுவதோடு விடாமல், மாடிப்படியில் எப்படி இறங்குவது என்று இறங்கியே காட்டி, பிள்ளைகளையும் இறங்க வைத்துப் பழக்குவார்கள். ‘சின்னவனுக்கு வழிவிட்டாயே, நல்லது’ என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வதுதான் பாராட்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 37 தொடக்கப் பள்ளிகளில் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையால் இடைநீக்கங்கள் குறைந்தது தெரிந்தது.

அப்புறம் அந்த 1973 ஆய்வு. உளவியலாளர் லெப்பரும் இன்னும் இருவரும் செய்தது, உண்மையானதுதான். ஏற்கெனவே வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்பே சொன்னபோது பிறகு ஆர்வம் குறைந்தது. சொல்லாமல் கொடுத்தபோது குறையவில்லை. செய்தியை எழுதியவர் இந்தப் பின்பாதியை வசதியாக விட்டுவிட்டார்.

சந்தேகம் இருந்தால் பிபிஐஎஸ் மையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், இல்லையென்றால் உங்கள் பள்ளியிடமே நடத்தை விதிகளைக் கேட்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.