பைன்ஹர்ஸ்டில் புல்லைப் பெயர்த்தெடுத்த கதை

நான் சனிக்கிழமைகளில் கோல்ஃப் ஆடும் பழைய மைதானத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். போன வாரம் திட்டத்தின் படத்தைச் சுவரில் ஒட்டி எங்களுக்குக் காட்டினார்கள். இரண்டு குளங்கள், ஒரு செயற்கை அருவி, ஏழெட்டுப் புதிய பங்கர்கள் (மணற்குழிகள்), வேலி முதல் வேலி வரை பச்சைப் புல். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் நல்ல பெயர் வாங்கிய மைதானம் அது. போன பெயர் இப்படிச் செய்தால் திரும்பி வரும் என்கிறார்கள். வராது என்றுதான் நான் நினைக்கிறேன். அதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் இருக்கும் அமெரிக்காவின் கேரி நகரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இதற்கு நேர்மாறான வேலை நடந்து முடிந்திருக்கிறது.

வட கரோலினாவின் மணற்குன்றுப் பகுதி அது. நம் தேரிக்காடு போல எங்கு தோண்டினாலும் மணல், அந்தச் சிவப்பு நிறம்தான் கிடையாது. மேலே நெடுநெடுவென்ற பைன் மரங்கள், கீழே உதிர்ந்த ஊசி இலைகள், அங்கங்கே குத்துக்குத்தாக வயர்கிராஸ் என்ற கம்பி போன்ற காட்டுப் புல். அந்த மண்ணில் டொனால்ட் ராஸ் 1907ல் அமைத்ததுதான் ‘நம்பர் 2’ மைதானம். ராஸ் ஸ்காட்லாந்தின் டோர்னாக்கில் பிறந்தவர். அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கான மைதானங்களை வடிவமைத்தார், ஆனால் மூன்றாவது ஹோலை (பந்தை அடிக்கத் தொடங்கும் இடம் முதல் அது விழ வேண்டிய குழி வரை ஒரு ஹோல்) ஒட்டியே வீடு கட்டிக்கொண்டு, 1948ல் இறக்கும்வரை இந்த ஒன்றைத்தான் செதுக்கிக்கொண்டே இருந்தார். கவிழ்த்துப் போட்ட தட்டைப் போன்ற அதன் கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றியுள்ள குறும்புல் பரப்புகளில், பந்து நிற்பதே பெரிய பாடு. கொஞ்சம் தவறினால் ஓரமாக உருண்டு கீழே போய்விடும்.

1970 முடிவில் மைதானம் கை மாறியது. அதற்குப் பின் மணல் தெரிந்த இடங்களிலெல்லாம் புல் வந்தது. பந்து போக வேண்டிய பாதைகளான ஃபேர்வேக்கள் நேர்கோட்டில் ஒடுங்கின, இரண்டு பக்கமும் ரஃப் எனப்படும் அடர்ந்த, உயரமான புல். கலர் டிவியில் பளபளக்கும் பச்சையைப் பார்த்துப் பார்த்து, எல்லா மைதானமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊரே நம்பிய காலம் அது. 1999லும் 2005லும் அங்கே யூஎஸ் ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி நடந்தது, உண்மைதான். 1999ல் பெய்ன் ஸ்டூவர்ட் கடைசி கிரீனில் தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழியில் போட்டு வென்றதை யார் மறப்பார்? ஆனால் அந்த ஆண்டுகளின் படங்களில் கிரீன்களை மறைத்துவிட்டுப் பாருங்கள், எந்த ஊர் மைதானம் என்று சொல்லவே முடியாது.

2010ல், மைதானத்தைப் பழையபடி மீட்க, பில் கூர், பென் கிரென்ஷா என்ற வடிவமைப்பாளர்கள் இருவரையும் அழைத்தார்கள். கிரென்ஷா இரண்டு முறை மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை வென்றவர். கூர் வட கரோலினாக்காரர், சின்ன வயதில் நம்பர் 2ல் ஆடியவர். 1943ல் எடுத்த வான்படங்களை வைத்துக்கொண்டு, பழைய ஃபேர்வே எதுவரை விரிந்திருந்தது, மணல் எங்கே தொடங்கியது என்று தேடினார்கள். ஃபேர்வேயின் நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க உதவியது எது தெரியுமா? ராஸ் காலத்தில் மண்ணுக்கடியில் ஒற்றை வரிசையாகப் புதைத்த தண்ணீர்க் குழாய்! இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் பெயர்த்தெடுக்கத் தொடங்கினார்கள். சுமார் 35 ஏக்கர் புல் போனது. 1,150 அளவில் இருந்த தண்ணீர்த் தெளிப்பான்கள் 450 ஆகக் குறைந்தன. தண்ணீர்ச் செலவும் பாதிக்கும் கீழே இறங்கியது. ரஃப் என்பதே இல்லை. அதன் இடத்தில் மணலும், ஆயிரக்கணக்கில் நட்ட வயர்கிராஸும். கிரீன்களில் மட்டும் ஓரிரண்டைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. நல்ல மருத்துவர் எங்கே கத்தி வைக்கக் கூடாது என்று அறிந்திருப்பதைப் போல.

ரஃபை எடுத்தால் ஆட்டம் சுலபமாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. அடர்ந்த புல்லில் பந்து விழுந்தால் யாருக்கும் ஒரே கதிதான்: பந்தை எப்படியாவது வெளியே தள்ளிவிட்டு அடுத்த ஷாட்டைப் பார்க்க வேண்டும். மணலில் அப்படியில்லை. பந்து வெறும் தரையில் சுத்தமாக உட்கார்ந்திருக்கலாம், வயர்கிராஸ் குத்துக்குள் மாட்டியிருக்கலாம், பைன் வேர் பக்கத்தில் கிடக்கலாம். பக்கத்தில் போய்ப் பார்க்கும்வரை தெரியாது. பார்த்த பிறகு, அடிக்கலாமா அடங்கிப் போகலாமா என்று ஆடுபவரே முடிவெடுக்க வேண்டும்.

2014ல் ஆண்கள், பெண்கள் யூஎஸ் ஓப்பன் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடந்தன. ஒரே மைதானத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. நான் இரண்டுக்கும் போனேன். டிவியில் பார்த்த நண்பர்கள் “என்னப்பா, காய்ந்து போய்க் கிடக்குது” என்றார்கள். நேரில் அந்தப் பழுப்பும் பச்சையும் மணலும் கலந்து கிடந்த அழகை என்னால் இன்னும் சரியாகச் சொல்ல முடியவில்லை. மார்ட்டின் கைமர் எட்டு ஷாட் வித்தியாசத்தில் வென்றார். அவரைத் தவிர இருவர்தான் பாருக்குக் (மைதானத்துக்கு வகுத்த ஷாட் கணக்கு) கீழே முடித்தார்கள், அதுவும் ஆளுக்கு ஒரே ஒரு ஷாட். அடுத்த வாரம் பெண்கள் போட்டியில் மிஷெல் வீ வென்றார்.

2024 யூஎஸ் ஓப்பனும் அங்கேதான். கடைசி ஹோலில் பிரைசன் டிஷாம்போ அடித்த பந்து இடப்பக்கத்து மணலில், மர வேர் அருகே போய் நின்றது. அங்கிருந்து அடித்தது பங்கரில் விழுந்தது. அங்கிருந்து குழிக்கு 55 கெஜம். அந்த பங்கர் ஷாட்டை குழிக்கு நாலடிக்குள் கொண்டுவந்து நிறுத்தி, அடுத்து உருட்டிக் குழியில் போட்டு, ரோரி மெக்கில்ராயை ஒரே ஷாட்டில் வென்றார். பழைய ரஃப் இருந்திருந்தால் இப்படி ஒரு முடிவு வந்திருக்குமா? 2029, 2035, 2041, 2047 யூஎஸ் ஓப்பன்களும் அங்கேதான் என்று இப்போதே முடிவாகிவிட்டது.

எங்கள் மைதானத்துக்கு யூஎஸ் ஓப்பன் வரப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். எங்கள் மண்ணும் மணல் இல்லை, களிமண். அதனால் பைன்ஹர்ஸ்டை அப்படியே பார்த்து எழுதச் சொல்லவில்லை. குளம் வெட்டும் முன் பழசைத் தேடிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். நானே தேடினேன். மாவட்ட அலுவலகத்தில் ஒரு பழைய வான்படம் கிடைத்தது. அதில் எங்கள் 12வது கிரீன் இன்று இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆண்டுக்காண்டு புல் வெட்டும் இயந்திரம் உள்ளே உள்ளே வட்டமடித்ததில் சுருங்கிப் போயிருக்கிறது. பழைய விளிம்பு இன்னும் ரஃபுக்கு அடியில் மேடாகத் தட்டுப்படுகிறது, காலால் நடந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துப் போகிறேன். இங்கே ஆடுகிற நண்பர்கள் முடிந்தால் ஏழு மணிக்கு வாருங்கள்.