மிச்சம் வேறு, எச்சில் வேறு

சென்ற ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்பட்ட அந்தப் படத்தை உங்களில் பலர் இதற்குள் பார்த்திருப்பீர்கள். புதுமனைப் புகுவிழா நடந்த வீட்டின் கொல்லைப்புறத்தில், அண்டாவுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, எவர்சில்வர் தூக்கில் நான் சோறு அள்ளிக்கொண்டிருக்கிறேன். "சுற்றுச்சூழலைக் காப்பாற்ற எச்சில் சோறு அள்ளும் எங்கள் அக்கா" என்று எழுதி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் எனக்குத் தம்பி முறை. அங்கிருந்து அது எங்கெங்கோ போய்விட்டது. மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. இன்னும் பேசாமல் இருந்தால் நான் செய்தது வெட்கப்பட வேண்டிய காரியம் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். எச்சில் என்பது வாய் பட்டது. இலையில் பரிமாறி, ஒருவர் கை வைத்து, உண்டு மீந்தது. மிச்சம் என்பது பாத்திரத்தில் இருப்பது. யார் இலைக்கும் போகாதது. நம் வீட்டுப் பாட்டிகள் இந்த இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. நான் அள்ளியது பந்திக்கே போகாத கடைசி அண்டா. 300 இலைக்குச் சொல்லியிருந்தார்கள். போடப்பட்டவை 210 இலைகள். வருகிறோமா இல்லையா என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சோறு குறைந்தால் மானம் போய்விடும் என்று அழைத்தவர்கள் அஞ்சுகிறார்கள், ஆகவே எல்லா விசேஷங்களிலும் இலைக் கணக்கு இப்படித்தான் கூடுகிறது. பன்னிரண்டரை மணிக்கு வடித்து இறக்கிய சோறு, இரண்டு மணிக்கு மூடி திறக்கப்படாமலே குப்பை வண்டிக்காகக் காத்திருந்தது. அதைத்தான் எடுத்தேன்.

எடுத்ததைக் கணக்கோடுதான் எடுத்தேன். இரண்டு தூக்குகளிலும் சேர்த்து ஐந்து கிலோ சோறு இருக்கும். புளித்துத் திரியத் தொடங்கியிருந்த சாம்பாரையும், தேங்காய் போட்ட பொரியலையும் நான் தொடவில்லை. சோற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்து, ஒரு பங்கில் தண்ணீர் ஊற்றிக் காலைப் பழைய சோற்றுக்கு வைத்துவிட்டு, மற்றதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். திங்கட்கிழமை காலையில் அதைப் பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்பு சேர்த்து அரைத்து, ஒரு மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்து, முறுக்கு அச்சில் போட்டு, மொட்டை மாடியில் விரித்த பழைய வேட்டியின் மேல் வரிவரியாகப் பிழிந்தேன். மாலையில் வேட்டியைப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது வடகம் ஒவ்வொன்றும் உடையாமல் கையோடு வந்தது. இந்தச் சோற்றைத்தான் எச்சில் என்று எழுதியிருக்கிறார்கள்.

"சொந்தக் காசில் ஆக்கியது, கொட்டினால் உனக்கென்ன?" என்று கேட்டிருந்தார் ஒருவர். காசு அவர்களுடையதுதான்; தண்ணீர் அவர்களுடையது அல்ல. ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2500 லிட்டர் தண்ணீர் வேண்டும். நான் எடுத்த ஐந்து கிலோ சோறு ஏறத்தாழ இரண்டு கிலோ அரிசி, அதாவது மூன்று கிலோ நெல், அதாவது 7500 லிட்டர் தண்ணீர். மன்னார்குடிக்குப் பக்கத்தில் வயலோடு வளர்ந்தவள் நான். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை வானொலியில் சொல்லும்போது வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது. 120 அடி கொள்ளும் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா சாப்பிட உட்காருவார். ஜூன் 12 அன்று அணை திறந்தால் குறுவை நெல் சாகுபடி உண்டு. திறக்காவிட்டால் ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்களுக்கு மட்டும்தான் குறுவை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ஒன்றில் எங்கள் வயல் மொத்தமும் தரிசாகக் கிடந்தது. அடுத்து விளைந்தபோது, களத்து மேட்டில் மண்ணோடு கலந்து கிடந்த நெல்லை அம்மா விளக்குமாற்றால் கூட்டி, முறத்தில் புடைத்து, ஒரு மரக்கால் சேர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குச் சுற்றுச்சூழல் என்ற சொல் தெரியாது. ஆனாலும், அண்டா நிறையச் சோறு குப்பைக்குப் போவதைக் கண்டிருந்தால் என்னைவிட முந்திக்கொண்டு தூக்கை நீட்டியிருப்பாள்.

கொட்டிய சோறு கொட்டியதோடு முடிந்துவிடுவதும் இல்லை. திருச்சியிலிருந்து தஞ்சாவூர்ப் பேருந்தில் போகிறவர்கள் அரியமங்கலம் குப்பை மேடு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்ட காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் குப்பை மேட்டில் எத்தனை முறை தீப்பிடித்துப் புகை மூட்டம் போட்டது என்பதும் நினைவிருக்கும். ஈர உணவு காற்றுப் புகாமல் அடியில் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். நீர் தேங்கிய நெல்வயலிலிருந்தும் அதே வாயுதான் எழுகிறது. வீணான சோறு வயலில் ஒருமுறையும் குப்பை மேட்டில் ஒருமுறையுமாக இரண்டு முறை காற்றைக் கெடுக்கிறது. நடுவில் எந்த வயிற்றையும் அது நிறைக்கவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

"தொழிற்சாலைகளை விட்டுவிட்டு இந்த ஒரு பிடி சோற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே" என்பார்கள். தொழிற்சாலைகளை விட வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீணானது வீடுகளில். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ. இது எந்த முதலாளியும் கொட்டியது அல்ல; நாம் கொட்டியது.

மாட்டுக்கு வைக்கலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்தான். மாட்டுக்கு நிறையச் சோறு வைத்தால் வயிறு உப்பும், சில சமயம் உயிரே போகும். மாடு வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

என் வீட்டுச் சமையலில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அரிசியை ஆழாக்கில் அளந்துதான் போடுகிறேன். இரவு யார் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று கேட்காமல் உலை வைப்பதில்லை. கொண்டைக்கடலையை முந்தைய இரவே ஊறவைத்துவிடுவதால் குக்கர் அடுப்பில் இருக்கும் நேரம் குறைகிறது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், முள்ளங்கியின் இலை பொரியலாகும், அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். வியாழக்கிழமைகளில் காய் வாங்குவதில்லை. கூடையில் இருப்பதை முடிக்கும் நாள் அது. இதையே வெளிநாட்டுப் பெயர் வைத்து யாராவது காணொளியாகப் போட்டால் பாராட்டிப் பகிர்கிற அதே உறவினர்கள், நான் செய்தால் கஞ்சத்தனம் என்கிறார்கள். அம்மாவையும் அப்படித்தான் சொன்னார்கள். நாத்தனார்கள் கூடியிருந்த ஒரு தீபாவளியன்று, "உன் வீட்டில் வாழைக்காய்த் தோல்கூடத் தப்பாது" என்று சொல்லிச் சிரித்தபோது, அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நெடுநேரம் தாளித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போது பதினொரு வயது. இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவளுடைய முதுகுதான்.

ஓர் எதிர்ப்பு மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. என் தோழி கேட்டாள்: "தோலைத் துவையலாக்கு, சோற்றை வடகமாக்கு என்று சொல்லிச் சொல்லிப் பெண்களை மறுபடியும் அடுப்படியிலேயே நிறுத்துகிறாய், தெரிகிறதா?" தெரிகிறது. அது பொய்யில்லை. வடகம் பிழிய அன்று எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புப் போட்டேன். என் கணவர் அச்சைத் திருகினார், மகன் மாடியில் காக்கை விரட்டினான். ஆனாலும் செய்ய வேண்டும் என்ற கவலை என் ஒருத்தியுடையதாகவே இருந்தது. வீணாக்கக் கூடாது என்ற பொறுப்பைக் குடும்பம் முழுவதும் ஏற்றுக்கொள்ளாத வரை அந்தப் பாரம் பெண் தலையில்தான் விழும். அதற்காகக் கொட்டிவிடலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லலாம், இலைக் கணக்கைக் குறைக்கச் சொல்லலாம், வருகிறோமா இல்லையா என்று இரண்டு நாள் முன்பே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாம். அன்று வராத 90 பேரும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்த அண்டா அடுப்பிலேயே ஏறியிருக்காது. அவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார். இடது ஓரத்தில், நான் அள்ளுவதற்கு வாகாக அண்டாவைச் சாய்த்துப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் தெரியும். அவை சமையல் மாஸ்டருடைய கைகள். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியவர் அவர். "எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, என் கையாலேயே கொட்ட எனக்கு மனசு வரல" என்று என்னிடம் சொன்னவரும் அவர்தான். அவர் வடித்த சோற்றைத்தான் நீ எச்சில் என்று எழுதியிருக்கிறாய். படத்தை நீ நீக்க வேண்டாம், என் முகம் அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடு.