பிள்ளைக்குப் பாட்டி இருக்கிறாள்

உகாண்டாவில் அனாதை இல்லம் கட்டப் பணம் கேட்டு நீங்கள் போட்ட பதிவின் கீழே மூன்று நாளாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். போதும், இங்கேயே சொல்லிவிடுகிறேன். உகாண்டா பிள்ளைகளுக்குப் பணம் திரட்ட வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பாட்டி உயிரோடு இருக்கும்போது அனாதை இல்லம் எதற்கு என்றுதான் கேட்டேன். அதற்கு 'நீ என்ன கிழித்தாய்' என்று பதில்.

உகாண்டாவின் மசாகாவில் நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். பக்கத்து வீட்டில் ஒரு ஜாஜா. அங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு மகள்களை எய்ட்ஸ் கொண்டுபோக, ஐந்து பேரப்பிள்ளைகள் அவள் கையில். உகாண்டாவில் 1997 முதல் அரசுத் தொடக்கப் பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனாலும் நோட்டு, சோப்பு, விளக்குமாறு வரைக்கும் பிள்ளை கொண்டுபோக வேண்டும். ஜாஜா புல் அறுத்து விளக்குமாறு கட்டிக் கொடுத்துவிட்டாள். சோப்புக்குக் காசில்லை. பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் ஜெரிகேன் மேல் உட்கார்ந்து, விளக்குமாற்றின் புல்லை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தேவை சோப்பு. வரிசையாகக் கட்டில் போட்ட ஹால் இல்லை.

'பாட்டி கையில் காசாகக் கொடுத்தால் தின்றுவிடுவார்கள்' என்கிறீர்கள். யார், ஐந்து பேருக்கும் மட்டோகே என்கிற வாழைக்காய் மசியலைப் பரிமாறிவிட்டுச் சட்டியைச் சுரண்டித் தின்றாளே, அவளா?

'ககுரி கட்டவில்லையா?' என்று ஒருவர் கேட்டார். ட்வெசிகியே ஜாக்சன் ககுரி உகாண்டாக்காரர், கூடப்பிறந்தவர்களை எய்ட்ஸுக்குக் கொடுத்தவர். சொந்த வீடு வாங்கச் சேர்த்த பணத்தை வைத்து 2001இல் எய்ட்ஸில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நயாகா என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் கட்டியது பள்ளிக்கூடம். பாட்டிகளையும் குழுவாகச் சேர்த்து அவர்களுக்கும் கைகொடுத்தார். நான் கேட்பதும் அதைத்தானே?

யாருமே இல்லாத பிள்ளை? சரி, அப்படியும் உண்டு. வளர்ப்புக் குடும்பம் தேடலாம். ருவாண்டா 2012 முதல் இல்லங்களை மூடி அதைத்தான் செய்துவருகிறது.

அப்புறம் ஒன்று. தாய் தகப்பனில் ஒருவர் போனாலே யூனிசெஃப் கணக்கில் அனாதை. எட்டு வயதில் அப்பாவை இழந்த நானும் அந்தக் கணக்கில்தான் வருவேன். என்னை வளர்த்தது ஆச்சி. பள்ளி மேடையில் 'தகப்பன் இல்லாத பிள்ளை' என்று மைக்கில் சொல்லி எனக்கு நாலு நோட்டுக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். கீழே உட்கார்ந்திருந்த ஆச்சி, வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை.

உங்கள் பதிவில் போட்ட படத்தில் அட்டையைப் பிடித்து நிற்கிறாளே அந்தச் சிறுமி, அவளுக்குப் பின்னால் வாசலில் ஒரு கிழவி நிற்கிறாள். பாதி முகத்தை வெட்டிவிட்டீர்கள்.