13 லட்சம், 15 லட்சம்: இரண்டும் ஒன்றல்ல

"திட்ட அனுமதிச் சீர்திருத்தத்தால் 13 லட்சம் வீடுகள் கூடுதலாக வரும், ஆண்டுதோறும் வளர்ச்சி 0.2 சதவீதம் உயரும், 15 லட்சம் இலக்கை ஏறக்குறைய எட்டிவிட்டோம்" என்று, பிரிட்டனில் வீடு கட்ட அனுமதி தரும் விதிகளை எளிதாக்கும் சீர்திருத்தம் பற்றி ஒருவர் பதிவிட்டிருக்கிறார். மூன்றுமே தவறு.

2025 மார்ச் 26 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் நாடாளுமன்றத்தில் பேசிய அன்றே, அரசின் வரவு செலவையும் பொருளாதாரத்தையும் சுதந்திரமாகக் கணிக்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் (OBR) கணிப்பும் வெளியானது. 13 லட்சம் என்பது ஐந்தாண்டுகளில் சேரும் மொத்த வீடுகள். சீர்திருத்தம் இல்லாவிட்டாலும் அவற்றில் பெரும்பாலானவை வந்திருக்கும். சீர்திருத்தத்தால் கூடுவது சுமார் 1,70,000 மட்டுமே. அதைவிட முக்கியமானது: அந்த 13 லட்சத்தில் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து வீடுகளும் அடங்கும். அரசு வைத்த 15 லட்சம் வீடுகள் என்ற இலக்கோ இங்கிலாந்துக்கு மட்டுமானது. இரண்டையும் பக்கத்தில் வைத்து "நெருங்கிவிட்டோம்" என்றால், வாடகையில் பாதிச் சம்பளத்தைத் தொலைக்கும் இளைஞர்களுக்குப் பொய் நம்பிக்கை தருகிறோம்.

0.2 சதவீதமும் ஆண்டு வளர்ச்சி அல்ல. 2029-30இல் பொருளாதாரத்தின் அளவு, சீர்திருத்தம் இல்லாத நிலையைவிட அவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதே பொருள். அதே நாளில் 2025க்கான வளர்ச்சிக் கணிப்பு 2 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

சீர்திருத்தத்தை நானும் ஆதரிக்கிறேன். அதனால்தான் சரியான எண்களோடு வாதாடச் சொல்கிறேன். உங்கள் பதிவைத் திருத்திவிடுங்கள்.