சைரனுக்கு வழி, ராம்ப்புக்கு ஃபைன்

மதுரை கோரிப்பாளையத்துல நடந்ததை எல்லாரும் வீடியோவுல பார்த்தாச்சு, மறுபடி சொல்லலை. வீல்சேர் ஏத்துற வேனை ஓரங்கட்டி, சீட்டைக் கழட்டினதுக்கும் ராம்ப், அதாவது சேரை ஏத்துற சரிவுப் பலகை வெச்சதுக்கும் ஃபைன். பின்னாடியே சைரன் அலற வந்த வண்டிக்கு ராஜமரியாதை. அதுக்குள்ள பேஷண்ட் இல்லை, சாப்பாட்டுப் பார்சல்தான் இருந்துச்சு.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு எனக்கும் தெரியும். ஆர்.சி.யில இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. சரி. ஆம்புலன்ஸுக்கு ஏ.ஐ.எஸ். 125-ங்கிற வாகனத் தரவிதியில ஏ, பி, சி, டி-ன்னு நாலு வகை வெச்சிருக்காங்க. டயாலிசிஸ் முடிஞ்சு, உட்கார்ந்த சேரோடயே செல்லூருக்குத் திரும்புற பெரியவரை எந்த எழுத்துல ஏத்துறது?

சோதனை பண்ணுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஸ்டிக்கரைப் பார்க்கிற நேரத்துல கொக்கியைப் பாருங்க. வீல்சேரை நாலு ஸ்ட்ராப் போட்டுக் கட்டணும், முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. கொக்கி மாட்ட வேண்டியது வெல்டு பண்ணின ஃப்ரேம்ல. நம்ம ஊர்ல எங்கே மாட்டுறாங்க? கழட்டி மாட்டுற ஃபுட்ரெஸ்ட்லயும், சேருக்கு அடியில இருக்கிற எக்ஸ் கம்பியிலயும். ஒரு ஸ்பீடு பிரேக்கர் போதும், ஃபுட்ரெஸ்ட் கையோட வந்துடும், சேர் பின்னாடி சாயும். தரையில இருக்கிற வளையத்தைப் பிளைவுட்ல ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பாங்க. அது போல்ட்டா தரையைத் துளைச்சு இறங்கி, அடியில இரும்புத் தகடு வெச்சு முடுக்கினதா இருக்கணும். குனிஞ்சு பார்த்தா ரெண்டு நிமிஷத்துல தெரியும். யார் குனியிறது?

சேர் பக்கவாட்டுல பார்த்து நிக்கக் கூடாது, பிரேக் போட்டா கவிழும். சேரோட வர்ற ஒட்டுப் பெல்ட் ஆள் சரியாம இருக்கத்தான், விபத்துக்கு ஆகாது. இடுப்புக்கும் தோளுக்கும் வண்டியிலயே தனி பெல்ட் வேணும்.

"ராம்ப் ஆபத்துதானே"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல. ஆபத்துதான் அண்ணே, கணக்குத் தெரியாம வெச்சா. வண்டித் தரை 60 சென்டிமீட்டர் உயரம்னா, கட்டடத்துக்குச் சொல்ற ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவுல 7.2 மீட்டர் பலகை வேணும். அதை வேன்ல மடிச்சு வைக்க முடியாது. ரெண்டு மீட்டர் பலகைன்னா செங்குத்து, ஏத்த ரெண்டு ஆள் வேணும். இறக்கும்போது பேஷண்ட் முகம் வண்டியைப் பார்த்தபடி பின்பக்கமா இறக்கணும், இல்லைன்னா முன்னாடி சறுக்கி விழுவார். பின்னாடி பலகைக்கு ரெண்டு மீட்டர், சேர் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் காலியா இருக்கணும். ஆஸ்பத்திரி வாசல்ல அந்த மூன்றரை மீட்டர்ல யாராவது பைக்கை விட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பார். கோடு போட்டு அந்த இடத்தைக் காக்க வேண்டியது மாநகராட்சியும் போலீஸும். அந்தக் கோட்டைத்தான் காணோம், ஃபைன் புக் மட்டும் கைவசம் இருக்கு.

"108 இருக்கே"ன்னு கேட்கிறவங்களுக்கு: அது அவசரத்துக்கு. வாரம் ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் பண்ணிட்டு வீட்டுக்குப் போறவரை அதுல அனுப்பினா, நாளைக்கு மாரடைப்பு வந்தவருக்கு யார் வர்றது? சித்திரையில அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்கு அந்தப் பக்கமே போக்குவரத்தை மாத்திவிடுறாங்க. திருவிழாவுக்கு யாரும் குறுக்கே நிக்கலை, கிட்னி மட்டும் லீவு எடுக்காது. இந்த வண்டிகளுக்கு ஒரு பாஸ் கொடுத்தா என்ன?

"கொக்கி, பெல்ட்டுக்கெல்லாம் விதி வந்தா வேன் வாடகை ஏறும்"னு இன்னொருத்தர். ஏறும். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை, ஆனா எலும்பு உடைஞ்சா ஆகிற செலவையும் கூட்டிப் பாருங்க.

"வேன்காரனுக்கு வக்காலத்து"ன்னு எழுதினவருக்குப் பதில் சொல்லப் போறதில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தச் சேர்ல உட்கார்ந்து அரசரடி வரைக்கும் போயிட்டு வாங்க.

ராம்ப்பை வெட்டி எடுத்தாச்சு, எல்லாருக்கும் திருப்திதானே. வியாழக்கிழமை பெரியவருக்கு மறுபடி டயாலிசிஸ், தூக்கித்தான் ஏத்தணும். தூக்குறவங்க இடது கையை மட்டும் பிடிக்காதீங்கப்பா, அதுலதான் ஃபிஸ்டுலா, டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக ஆபரேஷன் பண்ணி இணைச்ச ரத்தக்குழாய், இருக்கு.