காந்தம் ஒட்டலைன்னா அசல் பம்ப்பாம்!

ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்கு வந்து மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் இருந்து ஆடாதோடைக் கசப்பு போகவில்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன சித்த மருந்து கம்பெனியில் வேலை. இத்தனைக்கும் காரணம் ஒரு பம்ப்.

ஆறு மாசம் முன்னாடியே முதலாளிக்குத் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். 316 எல் என்கிற எவர்சில்வர் ஸ்டீலில், உள்ளே ரெண்டு ரோட்டர் சுழன்று பாகைத் தள்ளுகிற லோப் பம்ப் வேணும், மருந்து படுகிற உட்பக்கம் சொரசொரப்பு 0.8 மைக்ரானைத் தாண்டக்கூடாது, இணைப்பெல்லாம் மரையில்லாமல் வளையம் போட்டு இறுக்குகிற டிரை கிளாம்ப் என்று. வந்ததோ, வெளியே கண்ணாடி மாதிரி பாலிஷ், குழாயை மரையில் முறுக்கி மாட்டுகிற சாதா பம்ப்! கேட்டதற்கு வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தைக் கொண்டு வந்து வைத்து, "பாரு மக்கா, ஒட்டல்லை, அசல் சாதனம்" என்கிறார். முதலாளி, காந்தம் சாதா எவர்சில்வரான 304-லும் ஒட்டாது, 316-லும் ஒட்டாது. 316-ல் இருக்கிற அந்த 2, 3 சதவீத மாலிப்டினம்தான் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும், அதைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டீலைக்கூட விடுங்க. நாங்கள் ஓட்டுகிற மணப்பாகு என்றால் மூலிகை சேர்த்த சர்க்கரைப் பாகு. மரை இடுக்கில் ஒட்டினதை விட்டால் மறுநாள் கல்லாகக் காய்கிறது, ஈரம் பட்டால் பூசணம். நல்ல லோப் பம்ப் என்றால் முன்மூடியின் நட்டுகளைக் கழற்றி ரோட்டரை உருவிக் கழுவிவிடலாம், ஒன்றோடொன்று உரசாத ரோட்டர், அதைச் சுழற்றுகிற கியரும் மருந்து படாத தனிப் பெட்டிக்குள். இதில் மோட்டாரையும் பம்ப்பையும் சேர்க்கிற கப்ளிங்கைக் கழற்றி, மோட்டாரை நகர்த்தி, சீலுக்குப் பின்னால் இருக்கிற குழியில் பல்தேய்க்கிற பிரஷ் விட்டுத் தோண்ட ரெண்டு மணி நேரம். கழற்றாமல் வெந்நீரும் காஸ்டிக் சோடாக் கரைசலும் சுற்றவிட்டுக் கழுவலாமே என்பீர்கள். தண்ணீர் தேங்காத பம்ப்பாக இருந்தால்தானே அது நடக்கும்! இதன் அடியில் ஒரு டம்ளர் அளவு எப்பவும் நிற்கும், வடிய வழி கிடையாது. பால்வெட்டுகிறவர் ரப்பர் சிரட்டையைக் கவிழ்க்கிற மாதிரி ரெண்டு பேர் தூக்கிச் சாய்த்து ஊற்றுகிறோம்.

போன வாரம் கேஸ்கெட் கிழிந்தது. மருந்துக்கான இபிடிஎம் ரப்பர் கேட்டேன், நாகர்கோவிலில் வண்டிச் சாமான் கடையில் கருப்பு ரப்பர் வாங்கி வெட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் ஃபில்டரில் கருப்பாகத் துகள். எங்கே இருந்து வந்தது என்று என்னைக் கேட்கிறார்கள்! சர்வீஸுக்குக் கோவைக்குப் போன் போட்டால், "மார்த்தாண்டமா? மதுரை வரைக்கும் கொண்டு வந்திடுங்களேன்" என்கிறார் அந்தத் தம்பி. பம்ப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகணும் போல.

நாளைக்கு மாதுளை மணப்பாகு. ஆடாதோடை ஓடின அதே பம்ப். "நல்லா வெந்நீர் விட்டுக் கழுவினா போகும் மக்கா" என்றார். காலையில் வந்து பக்கத்தில் நின்று ஒரு தடவை பாருங்க முதலாளி என்றேன்.

இரணியலில் கல்யாண வீடு இருக்காம்.